மண்ணில் மருந்து கண்டவர்

நோயுற்ற காலத்தில் மருந்தை நாடுகிறோம். நோய் நீங்கியதும் மருந்தை மறந்துவிடுகிறோம். அம்மருந்தை முதன்முதலிற் கண்டறிந்தவர் யாவர், அதன்பொருட்டு அவர் பட்ட பாடு எத்தகையது என எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. நாடு வென்ற மன்னர்களின் பெயர்களைச் சிறுவரும் அறிவர். நோய் வென்ற அறிஞர்களின் பெயர்களை முதியோரும் அறியார். அவ்வாறு மறக்கப்பட்ட பேரறிஞருள் ஒருவர் நம் நாட்டிற் பிறந்தவர். சென்னை மாநகரிற் கல்வி பயின்றவர். கடல் கடந்து சென்று, உலகனைத்திற்கும் பயன்படும் மருந்துகளை ஆக்கித் தந்தவர். அவரே எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். அவருடைய வாழ்க்கையை மாணவர் அறிந்துகொள்ளுதல் நலம் பயக்கும்.

இளமையும் கல்வியும்

கோதாவரி ஆறு வளப்படுத்தும் நிலப்பகுதியில் பீமவரம் என்றோர் ஊர் உள்ளது. இன்று ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்த அவ்வூர், அந்நாளிற் சென்னை மாகாணத்துள் அடங்கியிருந்தது. அங்கே 1895ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12ஆம் நாள் சுப்பாராவ் பிறந்தார். தந்தையார் பெயர் ஜகந்நாதம். அன்னையார் பெயர் வெங்கம்மா. குடும்பம் பெரிது, வருவாயோ சிறிது.

இளமையிற் சுப்பாராவுக்குப் பாடங்களில் நாட்டம் மிகுதியாக இல்லை. பதின்மூன்றாம் வயதில், காசிக்குச் சென்று அங்கு வரும் யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பெரும்பொருள் ஈட்டலாம் என எண்ணி, ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டு வெளியேறினார். அன்னையார் அவரை மீட்டுக் கொணர்ந்து மறுபடியும் பள்ளியிற் சேர்த்தார். அதன் பின்னரும் அவர் மெட்ரிகுலேஷன் தேர்வில் இருமுறை தவறினார். மகன் கற்றே தீரவேண்டும் என்னும் உறுதியால் அன்னையார் தம் நகைகளையும் விற்றார். முடிவில், சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று, மூன்றாம் முறை எழுதிய தேர்வில் அவர் வெற்றி பெற்றார். பிற்காலத்தில் உலகமே வியக்க மருந்து கண்ட ஒருவர், பள்ளித் தேர்வில் இருமுறை தவறியவர் என்பது மாணவர் நினைவிற் கொள்ளத் தக்கது.

மாநிலக் கல்லூரியில் இடைநிலை வகுப்பிற் பயின்றபோது, துறவு பூண்டு இராமகிருஷ்ண மடத்திற் சேர வேண்டும் என்னும் வேட்கை அவர் உள்ளத்தில் எழுந்தது. அன்னையார் அதற்கு இசையவில்லை. மருத்துவம் கற்று மக்கட்குத் தொண்டு செய்தலும் துறவுக்கு ஒப்பானதே என மடத்துப் பெரியோரும் அறிவுரை கூறினர். அவ்வுரையை ஏற்றுச் சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். சேஷகிரி என்னும் நங்கையை மணந்தார். மாமனாரும் நண்பர்களும் பொருளுதவி புரிந்தனர்.

அக்காலத்தில் காந்தியடிகளின் அறைகூவலைக் கேட்டு இளைஞர் பலரும் அயல்நாட்டுத் துணியைத் துறந்தனர். சுப்பாராவும் அறுவைக் கூடத்திற்குக் கதராடை அணிந்தே சென்றார். ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர்க்கு இது பொறுக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளைச் சுப்பாராவ் நன்கு எழுதியிருந்தும், அவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனிற் குறைந்ததான எல்.எம்.எஸ். பட்டமே கிட்டியது. அந்த ஒரு குறை அவரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து வருத்திற்று. ஆயினும் கதரை அணிந்தமைக்காக அவர் ஒருபோதும் வருந்தினாரல்லர்.

உடன்பிறந்தார் மறைவு

இந்நிலையில் அவர் குடும்பத்தின்மேற் பேரிடி ஒன்று விழுந்தது. தமையனார் ஒருவரும் தம்பியார் ஒருவரும் எட்டு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து உயிர் நீத்தனர். இருவரையும் கொண்டு சென்றது ஒரே நோய். வெப்பநாடுகளிற் காணப்படும் அக்குடல் நோயை மேனாட்டு மருத்துவர் ஸ்ப்ரூ என்பர். நம் நாட்டு வைத்தியர் கிரகணி என்று கூறும் நோயோடு அதனை ஒப்பிடுவர். உண்ட உணவின் சத்தைக் குடல் ஏற்காது, ஓயாது வயிறு கழியும், குருதி குன்றும், உடல் நாளும் மெலியும். அந்நோய் எதனால் வருகிறது என்பதை அக்கால மருத்துவம் அறிந்திருக்கவில்லை. அதனைத் தீர்க்கும் மருந்தும் அதனிடம் இல்லை.

சிறிது காலத்திற்குப்பின் அதே நோய் சுப்பாராவையும் பற்றியது. ஆயுர்வேத வைத்தியர் ஆசண்ட இலட்சுமிபதி அவருக்கு மருத்துவம் செய்து அவரைக் காத்தார். நலம் பெற்ற சுப்பாராவ், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராய்ப் பணியாற்றினார். எனினும் உடன்பிறந்தார் மறைவு அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. நோயாளியின் அருகில் நின்றும் நோயைத் தீர்க்க வழியறியாத மருத்துவன் என்ன மருத்துவன் என்னும் எண்ணம் அவரை வாட்டிற்று. நோய்களின் காரணத்தையும் அவற்றிற்குரிய மருந்தையும் ஆராய்ந்து காண்பதே இனித் தம் வாழ்வின் பணி எனத் துணிந்தார்.

கடல் கடந்த வாழ்வு

1920களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்க நாட்டின் பாஸ்டன் நகரை அடைந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிக் கற்றார். கையிற் பொருளில்லை, பெற்ற பட்டமோ அங்கே மதிக்கப்படவில்லை. ஆதலின் மருத்துவமனை ஒன்றில் இரவுநேரப் பணியாளாய் அமர்ந்து, நோயாளரின் கழிகலங்களைத் துப்புரவு செய்து கற்றார். மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் இப்பணியைச் செய்வதற்கு எத்துணை மனவுறுதி வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பின்னர் அவர் சைரஸ் பிஸ்கே என்னும் பேராசிரியரோடு சேர்ந்து உயிர்வேதியியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசின் அளவைக் காணும் எளிய முறையொன்றை இருவரும் 1925இல் வெளியிட்டனர். பிஸ்கே–சுப்பாராவ் முறை என உலகெங்கும் அது வழங்கலாயிற்று. உயிர்களின் தசை இயங்குவதற்குரிய ஆற்றலைத் தாங்கி நிற்கும் ஏ.டி.பி. என்னும் பொருளையும் 1929இல் அவர்கள் பிரித்துக் காட்டினர். விளைந்த நெல்லைக் காசாக்கி வேண்டியபோது செலவிடும் உழவனைப் போல, உடலும் உண்ட உணவை இப்பொருளாக மாற்றி வைத்துக்கொண்டு செலவிடுகிறது. 1930இல் சுப்பாராவ் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி வாய்க்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவர் என்னும் ஊரிலிருந்த லெடர்லி மருந்து ஆய்வுக்கூடத்திற் சேர்ந்தார். விரைவில் அதன் ஆராய்ச்சித் தலைவரும் ஆனார்.

இந்தியாவை விட்டுச் சென்ற அவர் மீண்டும் தாய்நாட்டிற்குத் திரும்பவேயில்லை. அவர் வருகையை எதிர்நோக்கி மனைவியார் இங்கே காத்திருந்தார். உலகம் பெற்ற மருந்துகளின் விலையில் அவ்வம்மையார் இழந்த வாழ்வும் ஒரு பகுதி என்பதை நாம் மறத்தலாகாது.

மண்ணில் மறைந்திருந்த செல்வம்

லெடர்லியில் சுப்பாராவ் மேற்கொண்ட பணிகளுள் பாக்டீரியாவை அழிக்கும் மருந்துகளைத் தேடியது தலைசிறந்தது. பாக்டீரியா என்பவை ஒற்றை உயிரணுவால் ஆகிய நுண்ணுயிர்கள். காசம், காலரா, பிளேக், டைபாய்டு முதலிய கொடுநோய்கள் அவற்றுட் சிலவற்றால் விளைவன. 1928இல் அலெக்சாண்டர் பிளெமிங் என்பார் பூஞ்சணம் ஒன்றிலிருந்து பெனிசிலினைக் கண்டறிந்தார். 1940களில் அது பல்லாயிரம் பேரைக் காத்தது. எனினும் காசக் கிருமி பெனிசிலினுக்கு அடங்கவில்லை. குடலைத் தாக்கும் கிருமிகள் பலவும் அடங்கவில்லை. வேறு மருந்து வேண்டியிருந்தது. அது கிடைத்த இடமோ நம் காலடி மண்.

நாஞ்சில் நாட்டு வயல்களில், உழுதிட்ட புழுதியின்மேல் முதல் மழைத்துளிகள் விழும்போது இனியதொரு மண்மணம் எழுதலை யாவரும் நுகர்ந்திருப்பர். அம்மணத்தைப் பெரிதும் உண்டாக்குபவை மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்களே. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்பது அவற்றின் பெயர். அவை பூஞ்சணம்போல் நூலிழையாய்ப் படர்வன. ஆயினும் பாக்டீரியா இனத்தைச் சேர்ந்தவை. அவற்றுட் பல, தம்மைச் சூழ்ந்த பிற நுண்ணுயிர்களை அடக்கவல்ல பொருள்களைச் சுரக்கின்றன. அப்பொருள்களுள் மனிதனுக்குப் பெருந்தீங்கு செய்யாமல், நோய்க்கிருமியை மட்டும் அழிக்க வல்லதைத் தேர்ந்தெடுத்தல் அறிஞர்தம் பணியாயிற்று.

1943இல் நியூ ஜெர்சி மாநிலத்து ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் சாட்ஸ் என்னும் இளைஞர் இவ்வகை நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசக் கிருமியை வெல்லும் மருந்து அதனால் மக்கட்குக் கிடைத்தது. அமினோகிளைகோசைடு என்னும் மருந்துக் குடும்பத்தின் தலைமகன் அதுவே. 1949இல் நியோமைசினும், 1957இல் கானாமைசினும், 1963இல் ஜென்டாமைசினும் அக்குடும்பத்திற் பின்பிறந்தன.

இம்மருந்துகள் கிருமியை எங்ஙனம் கொல்கின்றன? கிருமியின் உடலினுள்ளே புரதத்தை நெய்யும் நுண்ணிய தறிகள் பல உள்ளன. அமினோகிளைகோசைடு அத்தறியைப் பற்றிக்கொள்கிறது. தறி ஓடிக்கொண்டேயிருக்கும்; ஆனால் இழை மாறிப் பிழைபட்ட துணியே அதிலிருந்து விழும். பிழைபட்ட புரதங்கள் பெருகப் பெருகக் கிருமியின் உட்சவ்வு பழுதுற்று, முடிவில் அது மடிந்துபோகும். பெனிசிலின் கிருமியின் புறமதிலைச் சிதைக்க, அவ்வழியே அமினோகிளைகோசைடு எளிதில் உட்புகும். ஆதலின் இவ்விரண்டையும் இணைத்துத் தருதலும் உண்டு. குருதியிற் பரவிய கொடிய தொற்றுக்கும், சிறுநீரகத் தொற்றுக்கும், பிறந்த சின்னாட் குழவியர்க்கு வரும் தொற்றுக்கும் மருத்துவர் இம்மருந்துகளைத் தருகின்றனர்.

ஆயினும் இவற்றிற்குக் குறைகளும் உண்டு. இவற்றைக் குடல் ஏற்பதில்லை. ஆதலின் உடலினுட் பரவிய தொற்றுக்கு ஊசிவழியே செலுத்துதல் வேண்டும். அளவு மீறினாலும் நெடுநாள் தந்தாலும் இவை உட்செவியையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சிலர் செவித்திறனை மீளாவண்ணம் இழப்பர். இதனால் மருத்துவர் நோயாளியின் எடைக்கேற்ப அளவிட்டு, சிறுநீரகத்தின் நிலையை ஆராய்ந்து தருகின்றனர். ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியே கொடுத்தபோது மற்றொரு தீங்கும் தோன்றிற்று: சில மாதங்களிற் காசக் கிருமிகள் அதற்கு அடங்காதனவாயின. பல மருந்துகளைச் சேர்த்துத் தந்தபோதே அத்தீங்கைத் தடுக்க முடிந்தது. 1956இற் சென்னையில் நிறுவப்பட்ட காசநோய் மருத்துவ ஆய்வு மையம், இவ்வாறு மருந்துகளைச் சேர்த்து உண்ணும் நோயாளி தம் வீட்டிலிருந்தபடியே நலம் பெறலாம் என்பதை உலகுக்குக் காட்டியது.

பொன்னிற மருந்து

பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் தம்முள் வேறான கிருமிகளை அடக்கின. இருவகைக் கிருமிகளையும் வெல்வதாய், ஊசியின்றி வாய்வழியே உட்கொள்ளத் தக்கதாய் ஒரு மருந்து கிடைக்குமாயின், மருத்துவமனை இல்லாச் சிற்றூரிலுள்ள ஏழையும் அதனாற் பயன்பெறுவான் அன்றோ? அத்தகைய மருந்தைத் தேடும் பணிக்குப் பெஞ்சமின் டக்கர் என்னும் தாவரவியல் அறிஞர் 1944இல் லெடர்லிக்கு வந்தார். பல்கலைக்கழகப் பணியினின்று ஓய்வு பெற்றிருந்த அவருக்கு அப்போது எழுபதுக்கு மேற்பட்ட அகவை. முதியவர் என அவரை ஒதுக்காமல், வேண்டிய வசதிகளை அளித்துச் சுப்பாராவ் ஊக்கினார்.

பல இடங்களிலிருந்தும் மண் வந்து குவிந்தது. ஒவ்வொரு மண்ணிலுமுள்ள நுண்ணுயிர்களைத் தனித்தனியே வளர்த்து, நோய்க்கிருமிகளை அவை அடக்குகின்றனவா எனப் பார்த்தனர். பெரும்பாலானவை பயன்படவில்லை. 1945இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புல்வயல் ஒன்றின் மண்ணிலிருந்து பொன்னிறப் பொருளைச் சுரக்கும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஒன்று அகப்பட்டது. அதிலிருந்து பெற்ற மருந்துக்கு, இலத்தீன் மொழியிற் பொன்னைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு ஆரியோமைசின் எனப் பெயரிட்டனர்.

ஆரியோமைசின் அமினோகிளைகோசைடு இனத்தது அன்று. ஆயினும் தாக்கும் இடம் ஒன்றே. கிருமியின் புரதத் தறியை இதுவும் பற்றுகிறது. ஆனால் இழையைப் பிழைபடுத்தாமல், இழை வந்து சேராதபடி தடுத்துத் தறியை நிறுத்திவிடுகிறது. கிருமி பெருக இயலாது நிற்க, உடலின் காவலணுக்கள் அதனை அழித்துவிடுகின்றன. பலவகைக் கிருமிகளுக்கு எதிராகப் பயன்பட்ட இம்மருந்தை வாய்வழியே உட்கொள்ளலாம். வளரும் பற்களை இது கறைப்படுத்துமாதலின் இளங்குழந்தைகட்கும் கருவுற்ற தாய்மார்க்கும் இவ்வினத்து மருந்தைப் பொதுவாகத் தருவதில்லை. 1948ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஆரியோமைசின் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதனைக் கண்டவர் என்னும் புகழைச் சுப்பாராவ் டக்கருக்கே விட்டுவிட்டார்.

பிற மருந்துகளும் மறைவும்

சுப்பாராவின் குழுவினர் ஆக்கிய மருந்துகள் இன்னும் பல. குருதி குன்றுதலைப் போக்கும் போலிக் அமிலத்தை 1945இல் செயற்கை முறையில் ஆக்கினர். அதனைச் சிறிது மாற்றி ஆக்கிய அமினாப்டெரின் என்னும் மருந்தினால், குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகள் சிலரின் நோய் தற்காலிகமாகத் தணிந்ததைச் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் 1948இல் வெளியிட்டார். பழைய திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்களில் மக்களை நெடுங்காலம் வருத்திய நோய் யானைக்கால். அந்நோய்க்குக் காரணமான புழுக்களை ஒடுக்கும் ஹெட்ராசான் மருந்தும் 1947இல் அவர் குழுவினரிடமிருந்தே வந்தது.

இத்தனை செய்தும் சுப்பாராவ் புகழை நாடவில்லை. தம்முடன் உழைத்தோரை முன்னிறுத்தித் தாம் பின்னே நின்றார். அமெரிக்கக் குடியுரிமையும் பெறவில்லை. ஆரியோமைசின் அறிவிக்கப்பட்ட சில வாரங்களுக்குள், 1948 ஆகஸ்டுத் திங்களில், ஓரிரவு உறக்கத்திலேயே மாரடைப்பால் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு அகவை 53.

அவர் மறைந்து சில ஆண்டுகள் கழிந்தன. ஆரியோமைசினின் மூலக்கூறிலிருந்து குளோரின் அணு ஒன்றை நீக்கி, டெட்ராசைக்ளின் என்னும் மருந்தை அறிஞர் 1953இல் வெளியிட்டனர். 1994இல் சூரத் நகரிற் பிளேக் அச்சம் எழுந்தபோது மக்கட்கு வழங்கப்பட்டது டெட்ராசைக்ளினே. அதனினும் நம் உள்ளத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவரை எட்டு நாளில் உண்ட ஸ்ப்ரூ நோய்க்கு இன்று மருத்துவர் தரும் மருந்துகள் இரண்டு. ஒன்று போலிக் அமிலம், மற்றொன்று டெட்ராசைக்ளின். ஒன்று அவர் குழுவினர் ஆக்கியது. மற்றொன்று அவர் ஆய்வுக்கூடத்து மருந்தின் வழிவந்தது. இளமையிற் கண்ணீரோடு மேற்கொண்ட தேடல், அவர் கண்மூடிய பின்னர் இவ்வாறு நிறைவேறிற்று.

நம் கடமை

1953இற் புதிதாகக் கண்டறியப்பட்ட பூஞ்சணம் ஒன்றிற்கு அறிஞர் அவர் பெயரைச் சூட்டினர். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்த 1995இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை வெளியிட்டது. ஆயினும் இவற்றினும் சிறந்த நினைவுச் சின்னத்தை நாம் ஒவ்வொருவரும் எழுப்பலாம். பாக்டீரியா நோய்க்குரிய மருந்துகளை மருத்துவரின் சொல்லின்றி உண்ணலாகாது. அவர் குறித்த நாள்வரை உண்ணாது இடையில் நிறுத்தலும் ஆகாது. சளிக்கும் சிறு காய்ச்சலுக்கும் கண்டபடி உண்டால், இம்மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் பெருகும். ஸ்ட்ரெப்டோமைசின் தந்த பாடம் அதுவே. அவ்வாறு பெருகிவிட்டால், மருந்து இருந்தும் பயனின்றி, சுப்பாராவ் தம் உடன்பிறந்தாரின் அருகில் நின்ற நிலையையே நாமும் அடைவோம். பலர் தம் வாழ்நாளைச் செலவிட்டு மண்ணிலிருந்து எடுத்துத் தந்த செல்வம் இது. இதனை அளவறிந்து பயன்படுத்திப் பின்வருவார்க்கும் பயன்படுமாறு காத்தல் நம் கடமையாகும்.